ஆணவமும் நன்றியறிதலும்: ஈழத்துக் கோயிற் கதவும் தீவகத்து நன்னீர்க் கிணறும்

கடவுள் உண்டென்போருக்கும் இல்லையென்போருக்கும் இடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வழக்கு, ஏட்டளவில் அறிவு பற்றியது. வாழ்க்கையளவில் அது பெரும்பாலும் குணம் பற்றியதாகவே அமைந்துவிடுகின்றது. நாத்திகனை நோக்கி ஆத்திகன் கூறும் குற்றச்சாட்டு அவனுடைய சான்றுகள் போதா என்பதன்று. அவனுக்குச் செருக்கு மிகுந்துவிட்டது, படைத்தவனுக்கு நன்றி மறந்தான் என்பதே. நாத்திகன் ஆத்திகனை நோக்கிக் கூறுவதும் ஏறத்தாழ அதுவே. இப்பேரண்டம் தனக்காகவே இயங்குகின்றதென எண்ணுவதினும் பெருஞ்செருக்கு வேறில்லை; உழுதவனையும் நெய்தவனையும் மறந்து காணாத ஒன்றுக்கு நன்றி கூறுவதினும் பெரிய நன்றிகேடு வேறில்லை என்பான் அவன். ஆக, இரு சாராரும் ஒருவர்மீது ஒருவர் சுமத்தும் குற்றங்கள் இரண்டே: ஒன்று ஆணவம், மற்றையது நன்றி மறத்தல்.

இக்குற்றச்சாட்டினைத் தத்துவ நூல்களைக் கொண்டு தீர்த்தல் அரிது. ஆயின் வரலாற்றைக் கொண்டு ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். யார் செருக்குற்றனர், யார் பிறர்க்காக உழைத்தனர், உழைத்தோரை யார் நினைந்தனர், யார் மறந்தனர் என்பன வரலாற்று நிகழ்ச்சிகளில் வெளிப்படுவன. அத்தகைய சோதனைக்கு, ஏறத்தாழ 1956 தொடக்கம் 1973 வரை யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சார்ந்த தீவகத்திலும் நிகழ்ந்த சமத்துவப் போராட்டங்கள் தக்க களமாக அமைகின்றன. அக்களத்திலே கடவுளை நம்பியோரும் நம்பாதோரும் எதிரெதிராகவும் அருகருகாகவும் நின்றனர். அவர்தம் நிலைப்பாடுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களின் பொருள்

ஆணவம் என்னுஞ் சொல் நமது மரபிற் கனத்த பொருளுடையது. சைவ சித்தாந்தம் உயிரைப் பிணித்துள்ள மலங்களை ஆணவம், கன்மம், மாயை என மூன்றாகப் பகுத்து, அவற்றுள் ஆணவத்தையே மூலமலம் எனக் கொள்கின்றது. செம்பிற் களிம்பு போல அஃது உயிருடன் அநாதியே கலந்துள்ளது என்பது அச்சித்தாந்தத்தின் துணிபு. இதிலிருந்து பெறப்படும் முடிவொன்று மனங்கொள்ளற்பாலது. ஆணவம் நாத்திகனுக்கு மட்டும் உரிய குற்றமன்று. திருநீறு அணிந்தவனையும் தீட்சை பெற்றவனையும் அது விட்டுவைப்பதில்லை. தன்னை மறைத்துக்கொண்டே பிறவற்றை மறைப்பது ஆணவத்தின் இயல்பு என்பர் சித்தாந்திகள். எனவே பக்தி என்னும் போர்வைக்குள்ளும் அது தங்கியிருத்தல் கூடும்.

நன்றி என்பதும் அவ்வாறே ஆழ்ந்த பொருளுடையது. நன்மை என்னும் பண்பிற் பிறந்த இச்சொல், செய்யப்பட்ட நன்மையையும் அதனை அறிந்திருத்தலையும் ஒருங்கே குறித்து வழங்குகின்றது. திருக்குறள் கடவுள் வாழ்த்தினை முதல் அதிகாரமாகவும், செய்ந்நன்றியறிதலைப் பதினோராம் அதிகாரமாகவும் கொண்டுள்ளது. இறைவனை வாழ்த்துதல் வேறு, மனிதர் செய்த நன்மையை அறிதல் வேறு. இரண்டும் வேண்டற்பாலன என்பது இவ்வைப்பு முறையால் உணரப்படும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டினைத் தெளிவுபடுத்தல் அவசியமாகின்றது. ஒருவனுக்கு உரிமையாகக் கிடைக்கவேண்டியதைத் தடுத்து வைத்து, பின்னர் அதனைச் சிறிது சிறிதாகக் கொடையென வழங்கி, அதற்காக நன்றியையும் பணிவையும் எதிர்பார்ப்பது ஆணவத்தின் தொழிலாகும். தனக்கு எவ்விதக் கடப்பாடும் பயனும் இல்லாதிருந்தும் பிறர்க்காக ஒருவன் செய்த செயலை அறிந்து போற்றுவதே உண்மையான நன்றியறிதலாகும். முன்னையது மேலிருப்போர் கேட்டுப் பெறுவது. பின்னையது கேளாமலே எழுவது.

தீவகமும் தண்ணீரும்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயும் தென்மேற்கேயும் பரந்து கிடக்கும் தீவுகளுள் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பன குறிப்பிடத்தக்கவை. புங்குடுதீவு தாம்போதியால் வேலணையுடன் இணைக்கப்பட்டுள்ளது. அதன் குறிகாட்டுவான் துறையிலிருந்தே நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியவர்கள் படகேறுகின்றனர். அத்தீவின் குறிச்சிகளுள் ஒன்று மடத்துவெளி. மடம் என்பது வழிப்போக்கர்க்கும் அடியவர்க்கும் தங்க இடமளிப்பது. வெளி என்பது திறந்த நிலம். ஊர்ப்பெயர் இவ்வாறு விருந்தோம்பலையும் திறந்த மனத்தையும் நினைவூட்ட, ஊர் வாழ்க்கை எல்லார்க்கும் அவ்வாறு திறந்திருக்கவில்லை என்பதே தீவகம் முழுவதற்கும், ஏன், குடாநாடு முழுவதற்கும் பொருந்தும் வரலாற்றுண்மையாகும்.

தீவகத்தின் நிலம் சுண்ணக்கல்லால் ஆனது. ஆறுகள் இல்லை. மாரி மழை நிலத்துட் கசிந்து, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி அள்ளினால் உவர் மேலேறும். இதனால் எல்லாக் கிணறுகளும் குடிநீர் தருவனவல்ல. ஊரொன்றிற் சில கிணறுகளே நன்னீர்க் கிணறுகளாக அமையும். அத்தகைய கிணறு உள்ள ஊரில், அதனை அணுகும் உரிமை உயிர்வாழ்க்கைக்கே அடிப்படையானது.

சாதியமைப்பு இவ்வுரிமையைப் பகிர்ந்த முறை நன்கறியப்பட்டதே. பஞ்சமர் என ஒதுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றிலே தாமாகத் தண்ணீர் அள்ளுதல் கூடாது. குடத்தை வைத்துவிட்டு எட்ட நின்று, உயர்சாதியார் ஒருவர் வந்து அள்ளி ஊற்றும்வரை காத்திருத்தல் வேண்டும். ஊற்றியவர் தம்மை வள்ளலெனக் கருதிக்கொண்டார். பெற்றவர் நன்றியுடன் தலை தாழ்த்த வேண்டியவரானார். மழையோ எவருடைய உடைமையுமன்று. கிணறு வெட்டிய கைகளுட் பல, அக்கிணற்றைத் தீண்டக்கூடாதெனத் தடுக்கப்பட்டோரின் கைகளே. உரிமை கொடையாக மாற்றப்பட்டு, அக்கொடைக்கு நன்றியும் வரியாக அறவிடப்பட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆலயக் கதவு

கிணற்றுக்கு உண்மையாயிருந்தது கோயிலுக்கும் உண்மையாயிருந்தது. சைவக் கோயில்களின் திருச்சுற்றுக்களில் அறுபத்துமூன்று நாயன்மாரின் திருவுருவங்கள் வைத்து வணங்கப்படுகின்றன. அவர்களுள் ஒருவர் திருநாளைப்போவார். புலையர் குலத்திற் பிறந்து, கோயிலுட் புகமுடியாது வெளியே நின்று வழிபட்ட அவருக்காகத் திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டதெனப் பெரியபுராணம் கூறுகின்றது. அப்புராணத்துக்குக் கண்ணீர் மல்கப் பயன் சொல்லிக் கேட்ட சமூகமே, திருநாளைப்போவாரின் குலத்தவரை வாயிலிலே நிறுத்தியது. கல்லில் வடித்த அடியவர் உள்ளே. உயிருள்ள அடியவர் வெளியே.

ஈழத்துச் சைவத்தின் மறுமலர்ச்சிக்கு வித்திட்ட ஆறுமுகநாவலர் (1822–1879) பற்றியும் இங்கு ஒரு சொல் கூறல் தகும். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணை நின்ற நாவலர், மிஷனரிமாரிடம் கண்டறிந்த பாடசாலை, அச்சகம், பிரசங்கம் என்னும் கருவிகளையே சைவத்தைக் காக்கப் பயன்படுத்தினார். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. மிஷனரிமார் சைவரை அஞ்ஞானிகள் என்றனர்; சைவரோ அவர்களைப் பரசமயிகள் என்றனர். இரு சாராரும் ஒருவரை ஒருவர் நம்பிக்கையற்றோராகக் கண்டபோதிலும், ஒருவர் மற்றவரிடம் பெற்ற கடன் பெரிது. ஆயினும் நாவலர் சாதியாசாரத்தை ஏற்றுக்கொண்டவராகவே இருந்தார். அவர் திறந்த கல்விக் கதவு எல்லார்க்கும் திறக்கப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மெல்ல மாறலாயிற்று. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தீண்டாமையைக் கண்டித்தது. 1927 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த காந்தியடிகளும் அக்கொடுமையைச் சுட்டிப் பேசினார். 1956 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் முதலான சில பெருங்கோயில்களின் கதவுகள் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்தன. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. எனினும் சட்டம் ஏட்டில் இருந்தது. பல கோயில்களும் தேநீர்க் கடைகளும் கிணறுகளும் பழைய வழக்கிலேயே இருந்தன.

1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலம் ஒரு திருப்புமுனையாகும். சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியினர் முன்னின்று நடத்திய அவ்வூர்வலத்தின் வழியே தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. நா. சண்முகதாசனின் தலைமையிலான கட்சியின் வழிகாட்டலில், எஸ். ரி. என். நாகரத்தினம், கே. ஏ. சுப்பிரமணியம், எழுத்தாளர் கே. டானியல் முதலானோர் இவ்வியக்கத்தில் முன்னின்றனர். தேநீர்க் கடைகளிற் சம உரிமை கோரிய போராட்டங்களைத் தொடர்ந்து கோயில் நுழைவுப் போராட்டங்கள் எழுந்தன. இவற்றிடையே உயிரிழப்புகளும் நேர்ந்தன.

1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலத்தில் அவ்வாலய வாயிலில் நடைபெற்ற சத்தியாக்கிரகம் இவற்றுள் உச்சமானது. உள்ளே சென்று முருகனை வழிபட விரும்பியோர் வாயிலில் அமர்ந்தனர். அவர்களைத் தடுத்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். அவர் கணிதப் பேராசிரியர்; சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர். அடியார்களைத் தடுத்தமைக்காக 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. குற்றவாளியாகக் காணப்பட்ட அவர் இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில்வரை மேன்முறையீடு செய்தார். 1971 இல் அம்மேன்முறையீடு தள்ளப்பட்டது. உயர்ந்த கல்வியும் ஆழ்ந்த மத ஈடுபாடும் ஒருங்கேயமைந்த ஒருவர், தம் தெய்வத்தைப் பிறர் வணங்காதிருக்க வேண்டுமென்பதற்காக ஏறக்கூடிய நீதிமன்றப் படிகள் அனைத்தையும் ஏறினார் என்பது சிந்தனைக்குரியது. கற்றோரையும் பக்தரையும் ஆணவம் விட்டுவைப்பதில்லை எனச் சித்தாந்தம் கூறுவதற்கு மாவிட்டபுரம் உரையாயிற்று.

நாத்திகர் ஏன் வந்தனர்?

இங்கு எழும் வினா யாவரும் அறிந்ததே. மார்க்சியவாதிகள் கடவுளை நம்பாதோர். மதம் மக்களை மயக்குவதென்பது அவர்தம் கொள்கை. அவ்வாறாயின் கோயிலுக்குட் செல்லும் உரிமைக்காக அவர்கள் ஏன் போராட வேண்டும்? மூடநம்பிக்கையின் வாயிலை மேலும் அகலத் திறப்பது அவர்தம் கொள்கைக்கு முரணன்றோ? எதிர்த்தோர் இவ்வினாவை ஏளனமாக எழுப்பினர். கோயிலை நம்பாதோர்க்குக் கோயிலில் என்ன வேலை என்றனர்.

இதற்கு அவ்வியக்கத்தின் செயலே விடையாக அமைந்தது. பிரச்சினை கடவுள் உண்டா இல்லையா என்பதன்று; மனிதன் மனிதனாக நடத்தப்படுகின்றானா என்பதே. உள்ளே செல்வதும் செல்லாதிருப்பதும் அவரவர் விருப்பம். ஆயின் செல்லக்கூடாதென ஒருவன் மற்றொருவனைத் தடுப்பது அடிமைத்தனம். அவ்வடிமைத்தனத்தின் காவலரணாகக் கோயில் வாயில் இருந்தமையால், அவ்வாயிலிலேயே போராட்டம் நிகழவேண்டியதாயிற்று. இயக்கத்தில் நின்றோருட் பெரும்பாலானோர் முருக பக்தர்களே என்பதையும் மறத்தலாகாது. தலைமையில் நின்ற நாத்திகர், தாம் பகிர்ந்துகொள்ளாத ஒரு நம்பிக்கையை மற்றவர்கள் மானத்துடன் கடைப்பிடிப்பதற்காக அடியும் சிறையும் ஏற்றனர்.

முற்கூறிய வேறுபாட்டினை இங்குப் பொருத்திப் பார்க்குமிடத்து, நன்றிக்குரியோர் யாரென்பது விளங்கும். தமக்கென எவ்வித அருளையும் வேண்டாதோர், பிறர் அருள்பெறும் வழியைத் திறக்க முற்பட்டனர். காலப்போக்கில் பல கோயில்களின் கதவுகள் திறந்தன. உள்ளே சென்றோர் முருகனுக்கு நன்றி கூறினர். அஃது அவர்தம் உரிமையும் இயல்புமாகும். ஆயின் கோயில் வரலாறுகளிலும் கும்பாபிடேக மலர்களிலும் இப்போராட்டம் பேசப்படுவது மிகமிகக் குறைவு. திருப்பணி செய்தோரும் உபயகாரரும் அவற்றில் விரிவாக இடம்பெறுகின்றனர். வழிபடுவோரின் தொகையையே பெருக்கிய ஒரு போராட்டமோ ஒரு வரியிலும் அடங்குவதில்லை. கடவுளுக்கு நன்றி கூறிவிட்டமையால் மனிதர்க்குக் கூறவேண்டியதில்லை என எண்ணுவது ஆத்திகர் வீழக்கூடிய குழியாகும்.

நம்பிக்கையாளர் ஒருவரின் வழி

இவ்வளவுடன் நிறுத்தினால் ஆத்திகர் அனைவரும் ஆணவத்தின் பக்கமும், நாத்திகர் அனைவரும் அறத்தின் பக்கமும் நின்றனர் என்னும் எளிய முடிவு பிறக்கும். அம்முடிவு பிழையென்பதற்குத் தீவகமே சான்று தருகின்றது.

புங்குடுதீவிற் பிறந்த மு. தளையசிங்கம் (1935–1973) பேராதனையிற் பயின்று ஆசிரியத் தொழிலை மேற்கொண்டவர். சிறுகதையாசிரியர், விமர்சகர், சிந்தனையாளர். 'புதுயுகம் பிறக்கிறது', 'போர்ப்பறை', 'மெய்யுள்' முதலியன அவருடைய நூல்கள். அவர் ஆழ்ந்த ஆத்மிக நம்பிக்கையுடையவர். காந்தியும் அரவிந்தரும் அவருடைய சிந்தனையிற் செல்வாக்குச் செலுத்தினர். மனித குலத்தின் வளர்ச்சி பொருளாதார சமத்துவத்துடன் முடிவதன்று; சமத்துவத்தை உள்ளடக்கி அதனையுங் கடந்த ஆத்மிக விழிப்பே அதன் இலக்கு என்பது அவர் கருத்து. இதனால் அக்காலத்து முற்போக்கு இலக்கிய அணியுடனும், அவ்வணியின் விமர்சகர்களான க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோருடனும் அவர் கடுமையாக முரண்பட்டார். ஈழத்து இலக்கிய வரலாற்றில் ஆத்திகத்துக்கும் நாத்திகத்துக்கும் இடையே நிகழ்ந்த கூரிய கருத்துமோதல் இதுவெனலாம்.

ஆனால் தளையசிங்கம் கருத்துடன் நின்றாரல்லர். 1971 இல், தம் ஊரில் ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக அவர் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். பொலிசாரால் தாக்கப்பட்டார், சிறையிலும் வைக்கப்பட்டார். அதன்பின் நலிவுற்ற அவர் 1973 இல், தமது முப்பத்தெட்டாவது வயதளவில் மறைந்தார். தாமே வேளாளச் சமூகத்தின் வசதிகளுக்கு உரித்தான நிலையில், தண்ணீர்த் தட்டுப்பாடு தம்மைத் தீண்டாத நிலையில், அவர் செய்த செயல் இது. ஆத்மிகம் என்பது உலகை விட்டொதுங்குவதென்றும், பக்தர் எல்லாரும் பழமையின் காவலர் என்றும் கூறுவோர்க்கு இக்கிணற்றடி நிகழ்ச்சி தக்க மறுமொழியாகும்.

மாவிட்டபுரத்து வாயிலில் நின்ற மார்க்சியவாதியும் புங்குடுதீவுக் கிணற்றடியில் நின்ற ஆத்மிகவாதியும் ஒருவரையொருவர் கொள்கையளவில் ஏற்கமாட்டார். எனினும் இருவரும் ஒரே ஆணவத்தை எதிர்த்தனர். ஒரே மக்களுக்காக அடிபட்டனர். கடவுள் பற்றிய வினாவுக்கு அவர்கள் கூறிய விடைகள் வேறு. மனிதன் பற்றிய வினாவுக்குக் கூறிய விடை ஒன்றே.

அறிவின் செருக்கு

இங்கே நாத்திகர் பக்கத்துக் குறையையும் நடுநிலையுடன் நோக்குதல் வேண்டும். முற்போக்கு அணியினர் தளையசிங்கத்தின் எழுத்தைக் கருத்து முதல்வாதம் என ஒதுக்கினர். அவருடைய செயலுக்குரிய இடத்தையும் தம் வரலாற்றில் அளிக்கத் தயங்கினர். சாதியெதிர்ப்பு வரலாற்றை எழுதுமிடத்து இயக்கத்துக்கு வெளியே நின்ற ஒருவரின் தியாகம் பின்தள்ளப்பட்டது. தமிழகத்தில் சுந்தர ராமசாமி போன்றோர் பின்னாளில் அவரைப் பற்றி விரிவாக எழுதிய பின்னரே அவர் மீண்டும் பரவலாகப் பேசப்படலானார். தளையசிங்கமும் தம் எதிரணியினர் களத்திற் செய்தவற்றை மதிப்பிடுவதினும் அவர்தம் பார்வையின் குறைகளைச் சுட்டுவதிலேயே மிக்க வேகங் காட்டினார். வரலாற்றின் போக்கு தமக்கே தெரியுமென எண்ணுவதும், மெய்ஞ்ஞானத்தின் வாயில் தமக்கே திறந்துள்ளதென எண்ணுவதும் ஒரே செருக்கின் இருவேறு உருவங்களாதல் கூடும்.

இலங்கையின் பகுத்தறிவு இயக்கத்தின் தலைமகனான ஆபிரகாம் கோவூரையும் (1898–1978) இங்குக் குறிப்பிடலாம். கேரளத்திற் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த அவர், அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963 இல் அறைகூவல் விடுத்தார். மோசடிச் சாமியார்களிடம் ஏமாந்தோர் பலர்க்கு அவருடைய பணி கண் திறப்பதாயிற்று. ஆயினும் அற்புதத்தை மறுப்பது வேறு. கோயில் வாயிலிற் கைகூப்பி நிற்பவனின் ஏக்கத்தை அறிவது வேறு. அவ்வேக்கத்தில் தெய்வம் மட்டுமன்றி மானமும் கலந்திருந்தது. பகுத்தறிவு அதனைக் காணத் தவறுமிடத்து, அதுவும் மேட்டிமையாகிவிடும். மாவிட்டபுரத்தில் நின்ற நாத்திகரின் சிறப்பு, அவர்கள் அதனைக் கண்டமையேயாகும்.

தமிழகத்து ஒப்புமை

இவ்விருவகைப்பட்டோரும் ஒருவரையொருவர் மதித்து நடக்க இயலுமா என வினவுவோர்க்குத் தமிழகம் ஓர் எடுத்துக்காட்டினைத் தருகின்றது. பெரியார் ஈ. வெ. ரா. (1879–1973) 1924 இல் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றவர். பின்னாளிற் கடவுள் மறுப்பையே தம் பெரும் பிரசாரமாகக் கொண்ட அவர், எல்லாச் சாதியினரும் கோயில் அர்ச்சகராகவேண்டுமென இறுதிவரை வற்புறுத்தினார். தாம் நம்பாத கருவறைக்குள் பிறர் சமமாக நுழையவேண்டுமென அவர் விரும்பினார். அவருக்கும் சைவ ஆதீனத் தலைவரான குன்றக்குடி அடிகளாருக்கும் (1925–1995) இடையே வளர்ந்த நட்பு பலரும் அறிந்தது. கடவுள் வாழ்த்துப் பாடப்பட்ட அவைகளில் முதுமையிலும் பிறர் தோளைப் பற்றிக்கொண்டு பெரியார் எழுந்து நின்றார். அடிகளார் அளித்த திருநீற்றையும் அவர் மறுத்ததில்லை என்பர். அடிகளாரோ சாதியொழிப்பிற் பெரியாரின் பணியை மனமாரப் போற்றினார்.

இஃது இருவரும் தத்தம் கொள்கையை நெகிழ்த்தமையால் விளைந்ததன்று. பெரியார் நாத்திகராகவே மறைந்தார்; அடிகளார் துறவியாகவே மறைந்தார். கொள்கை வேறாயினும் எதிரே நிற்பவர் செய்த நன்மையை அறிவதற்குக் கொள்கை தடையாகாது என்பதையே அவர்கள் மெய்ப்பித்தனர். அர்ச்சகர் நியமனம் பற்றிய சட்டத்திருத்தம் 1970 இல் கொண்டுவரப்பட்டு, நீதிமன்றங்களிற் பலகாலம் இழுபட்டு, 2021 ஓகஸ்டில் பல்வேறு சாதிகளையும் சேர்ந்த பயிற்சி பெற்ற அர்ச்சகர்கள் நியமனம் பெற்றனர். அவர்கள் இறைவனுக்கு மலர் தூவுமிடத்து, அம்மலர் தூவும் உரிமைக்காக வாதாடியோருள் முதன்மையானவர் ஒரு நாத்திகர் என்பது வரலாற்றின் விந்தையன்று, வரலாற்றின் பாடம்.

பெரியாரும் தளையசிங்கமும் 1973 ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். ஒருவர் தொண்ணூற்று நான்கு வயதளவும் வாழ்ந்த நாத்திகர். மற்றவர் நாற்பதை எட்டாத ஆத்மிகர். ஒடுக்கப்பட்டோர் இருவருக்கும் கடப்பாடுடையர். ஒடுக்கியோரின் வழித்தோன்றல்களும் அவ்வாறே கடப்பாடுடையர். ஏனெனில் ஆணவத்திலிருந்து விடுவிக்கப்படுவதும் ஒரு நன்மையே. தடுக்கப்பட்டவன் வாயிலுக்கு வெளியே சிறைப்பட்டிருந்தான் எனின், தடுத்தவன் தன் மலத்தினுள்ளே சிறைப்பட்டிருந்தான்.

இன்றைய நிலை

இவையெல்லாம் முடிந்துபோன கதைகளெனக் கொள்ள இயலாது. 2018 இல் தென்மராட்சியின் வரணிப் பகுதிக் கோயிலொன்றில், ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடிப்பதைத் தவிர்க்கும்பொருட்டு மண் அகழும் இயந்திரத்தைக் கொண்டு தேர் இழுக்கப்பட்ட செய்தி பரவலாக வெளிவந்தது. நம்பிக்கையே இல்லாத இயந்திரம் தேரிழுக்கத் தக்கதாயிற்று. நம்பிக்கையுள்ள மனிதன் தகாதவனானான். பக்தியா ஆணவமா அங்கே தேரேறி வந்தது என்பதை விளக்கவேண்டியதில்லை.

தீவகத்திலும் காலம் பலவற்றை மாற்றியுள்ளது. 1990களின் தொடக்கத்திற் போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்கின்றனர். புலம்பெயர்ந்தோரின் பொருளுதவியால் தீவகத்துக் கோயில்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. உபயகாரரின் பெயர்கள் சலவைக்கல்லிற் பொறிக்கப்படுகின்றன. நன்கொடையாளரை நினைவிற் கொள்வது நல்ல வழக்கமே. ஆயின் மண்டபம் கட்டியவரின் பெயரைப் பொறிக்கும் சமூகம், அம்மண்டபத்தினுள் எல்லாரும் நிற்க வழிசெய்தோரையும் பொறிக்கக் கடமைப்பட்டுள்ளது. கிணற்றுக்குத் தொட்டி கட்டியவரை நினைக்கும் ஊர், அக்கிணற்றில் எல்லாரும் அள்ளுவதற்காக அடிபட்டவரையும் நினைக்கக் கடமைப்பட்டுள்ளது. அவர் திருநீறு அணிந்தவரா செங்கொடி ஏந்தியவரா என்பது இங்கு வினாவன்று.

முடிவாக, நாம் எடுத்துக்கொண்ட குற்றச்சாட்டுக்கு வரலாறு தரும் விடையைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம். ஆணவம் நம்பிக்கையின்மையிற் பிறப்பதுமன்று; நம்பிக்கையால் தானாக அழிவதுமன்று. பிறருடைய உரிமையைத் தனது கொடையாகக் கருதும் எவரிடத்தும் அது குடிகொள்ளும். நன்றியறிதலும் அவ்வாறே. இறைவனுக்கு நன்றி கூறும் ஆத்திகர், தமக்காகக் கதவு திறந்த நாத்திகருக்கும் நன்றி கூறுங்கால் அவர்தம் பக்தி குறைவதில்லை. மனிதனுக்கே நன்றி கூறும் நாத்திகர், இறைநம்பிக்கையின் உந்துதலால் மனிதனுக்காக உயிர் தேய்ந்த ஒருவரைப் போற்றுங்கால் அவர்தம் பகுத்தறிவு குறைவதில்லை. கடவுள் பற்றிய வழக்கு இன்னும் பல தலைமுறைக்கு நீளலாம், அதற்கு அவசரமில்லை. ஆனால் செய்த நன்மையைப் பதிவு செய்யும் கடமை காலம் தாழ்த்தற்குரியதன்று. அப்போராட்டங்களைக் கண்ணாற் கண்டோர் ஆண்டுதோறும் மறைந்துகொண்டிருக்கின்றனர். அவர்தம் வாய்மொழிகளை ஊர் ஊராகச் சென்று கேட்டுப் பதிவு செய்தல், மடத்துவெளி போன்ற சிற்றூர்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் எம்போன்ற மாணவர்க்குரிய பணியாகும். அவர்கள் இருக்கும்போதே அதனைச் செய்து முடித்தல் வேண்டும்.